இங்கிலீஷ் வழியாக ஸ்பானிஷ் இலக்கணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கும் நம்மவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் இங்கிலீஷ் பேசுபவருக்காகத் தயாரித்த புத்தகமோ செயலியோதான். அது 'ஜாக்கிரதை, கடினம்' என்று எச்சரிக்கும் சில இடங்கள் நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. அது பேசாமல் தாண்டிப்போகும் சில இடங்களில் நாம் மாட்டிக்கொள்கிறோம். புதிதாகப் படிப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஸ்பானிஷ் சொற்களைக் காதில் விழுகிறபடி தோராயமாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். எச் எழுத்துக்கு ஒலி கிடையாது. வி எழுத்தை 'பஸ்' என்பதில் வரும் ப போலத்தான் ஒலிப்பார்கள், அதனால் அதற்கும் ப. இரட்டை எல் வந்தால் ய. சில எழுத்துகளை ஸ்பெயினில் நாக்கைப் பல்லிடையே வைத்துச் சொல்வார்கள். நான் லத்தீன் அமெரிக்க வழக்கப்படி ச, ஸ என்றே போட்டிருக்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது? ஒவ்வொரு புத்தகமும் ஒவ்வொரு வரிசையில் போகிறதே.

முதலில் ஒலியும் அழுத்தமும். அடுத்து பெயர்ச்சொல்லின் பால், அதோடு ஒட்டிவரும் எல், லா (இங்கிலீஷ் 'தி' மாதிரி). பிறகு நிகழ்கால வினை. அந்த ஒரே காலத்தை வைத்துக்கொண்டே செர், எஸ்தார் (இரண்டுமே 'இருப்பது'), குஸ்தார் (பிடிப்பது), லோ, லே ('அதை', 'அவனுக்கு') எல்லாவற்றையும் பழகிவிடலாம். அப்புறம் இரண்டு இறந்தகாலங்கள். அவை கைக்கு வந்த பிறகு சப்ஜங்டிவ், அதாவது ஆசை, சந்தேகம் போன்றவற்றுக்கு வரும் வினை வடிவம். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது: சப்ஜங்டிவின் ஒரு வடிவம் நிகழ்காலத்திலிருந்தும் இன்னொன்று இறந்தகாலத்திலிருந்தும் பிறக்கிறது. அடித்தளம் ஆடினால் மேலே எல்லாம் ஆடும்.

மொழித் திறனை அளக்கும் ஐரோப்பிய அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். நிகழ்காலமும் இறந்தகாலங்களும் ஏ2 முடிவதற்குள் வந்துவிடும், நிகழ்காலச் சப்ஜங்டிவ் பி1இல் வரும். ஸ்பெயின் அரசின் செர்வான்தெஸ் நிறுவனம் நடத்தும் தெலே என்ற ஸ்பானிஷ் தேர்வும் இதே படிகளில்தான். அந்த நிறுவனத்துக்கு டெல்லியில் மையம் உண்டு. சான்றிதழ் காலாவதி ஆகாது. தேர்வு எழுதும் எண்ணம் இல்லாவிட்டாலும், எந்தப் படியில் எது வரும் என்று தெரிந்துவைத்தால் பாதியில் பதறாமல் இருக்கலாம்.

எவ்வளவு காலம் ஆகும்? மூன்று மாதத்தில் பேசலாம் என்கிறார்களே.

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கிறது. இங்கிலீஷ் தாய்மொழிக்காரருக்கு எளிதான மொழிகள் என்ற முதல் வகையில் ஸ்பானிஷை வைத்து, வேலை பார்க்கும் அளவுக்குப் பேச சுமார் 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் என்று கணக்கிடுகிறது. அதுவும் முழுநேரமாக, நல்ல ஆசிரியரோடு. மூன்று மாதத்தில் கடையில் பேரம் பேசலாம், வழி கேட்கலாம். அதுவே பெரிய விஷயம்தான்.

எனக்கு இங்கிலீஷ் கிராமரே தகராறு. அதை வைத்து இன்னொரு மொழியா?

இங்கிலீஷ் நமக்கு உதவுவது முக்கியமாகச் சொல்வளத்தில். 'ஷன்' என்று முடியும் ஏராளமான இங்கிலீஷ் சொற்களை 'சியோன்' என்று முடித்தால் ஸ்பானிஷ் கிடைத்துவிடும்: நாசியோன், எதுகாசியோன், இன்ஃபொர்மாசியோன். எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற சொல் வரிசையும் ஏறக்குறைய இங்கிலீஷ் மாதிரிதான்.

வினையின் விகுதி, 'எனக்கு' என்று தொடங்கும் வாக்கியம், மரியாதைப் பேச்சு ஆகியவற்றில் தமிழ்தான் கைகொடுக்கும். இங்கிலீஷ் விளக்கத்தைப் படித்துப் புரியாவிட்டால், அதே வாக்கியத்தைத் தமிழில் எப்படிச் சொல்வேன் என்று ஒரு தடவை பாருங்கள். எல்லா இடத்திலும் பலிக்காது. பலிக்காத இடங்களையும் கீழே சொல்லியிருக்கிறேன்.

எழுத்தின் மேல் சின்னதாக ஒரு கோடு போடுகிறார்களே, அதை விட்டுவிட்டால் என்ன ஆகும்?

அர்த்தம் மாறும். தோமார் என்றால் எடுத்துக்கொள்வது, குடிப்பது. 'தோமோ' என்பதில் முதல் அசையை அழுத்தினால் 'குடிக்கிறேன்'. கடைசி அசையை அழுத்தினால் 'குடித்தான்' அல்லது 'குடித்தாள்'. ஆளும் மாறிவிட்டது, காலமும் மாறிவிட்டது. எழுத்தில் இரண்டையும் பிரிப்பது அந்தக் கோடு மட்டுமே.

விதி எளிது. சொல் உயிரெழுத்திலோ என், எஸ் எழுத்துகளிலோ முடிந்தால் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம். வேறு எழுத்தில் முடிந்தால் கடைசி அசையில். இதற்கு மாறாக நடக்கும் சொல்லுக்குக் கோடு. அதோடு, ஒரே மாதிரி ஒலிக்கும் சில சொற்களைப் பிரிக்கவும் கோடு போடுவார்கள்: கோடு இல்லாத 'து' என்றால் உன், கோடு போட்டால் நீ. 1713இல் தொடங்கிய ஸ்பானிஷ் அகாடமி, 'மட்டும்' என்ற பொருளில் வரும் 'சோலோ'வுக்குக் கோடு தேவையில்லை என்று 2010இல் சொன்னது. எழுத்தாளர்கள் பலர் கேட்கவில்லை, சண்டை பல வருடம் ஓடியது. உங்களுக்கு அந்தச் சண்டை வேண்டாம். வினைகளின் மேலுள்ள கோட்டை மட்டும் விடாதீர்கள்.

மேஜை எப்படிப் பொம்பளை ஆகும்? இதற்கு ஏதாவது லாஜிக் உண்டா?

மேஜையில் பெண்மை எதுவும் இல்லை. சொற்கள் இரண்டு கூடைகளில் கிடக்கின்றன, கூடைகளுக்கு ஆண், பெண் என்று பெயர் வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். பொருளைப் பார்க்காமல் சொல்லின் முடிவைப் பாருங்கள். ஓ என்று முடிவது பெரும்பாலும் ஆண்பால் (எல் லிப்ரோ, புத்தகம்), ஆ என்று முடிவது பெரும்பாலும் பெண்பால் (லா மேசா, லா காசா). சியோன், தாத் என்று முடிபவை பெண்பால். மேசா நமக்கு அந்நியமும் இல்லை; போர்ச்சுக்கீசியர் வழியாக வந்து தமிழில் மேசை ஆன சொல்லின் உடன்பிறப்பு அது.

விலக்குகள் அன்றாடச் சொற்களிலேயே இருப்பதுதான் தொல்லை. எல் தியா (நாள்), எல் மாப்பா, எல் ப்ரோப்லேமா ஆண்பால். லா மானோ (கை) பெண்பால். ஆகுவா (தண்ணீர்) பெண்பால்தான், ஆனால் அழுத்தமான ஆ ஒலியில் தொடங்குவதால் முன்னால் எல் போடுவார்கள். பின்னால் வரும் பெயரடை உண்மையைக் காட்டிக்கொடுத்துவிடும்: எல் ஆகுவா ஃப்ரியா. பெயரடையும் பால், எண் இரண்டுக்கும் ஏற்ப மாறும் என்பதை இதிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே தமிழும் உதவாது, இங்கிலீஷும் உதவாது. தமிழில் ஆண்பால், பெண்பால் உயர்திணைக்குத்தான். மேஜையும் புத்தகமும் 'அது'. ஆகவே புதுச்சொல் எழுதும்போது மேசா என்று எழுதாதீர்கள், லா மேசா என்று எழுதுங்கள்.

'நான்', 'அவன்' எதுவும் சொல்லாமலே பேசுகிறார்களே, யார் என்று எப்படித் தெரியும்?

'வந்தேன்' என்றால் யார் வந்தது என்று நாம் கேட்பதில்லையே. அதே கதைதான். கோமோ என்றால் சாப்பிடுகிறேன், கோமெஸ் சாப்பிடுகிறாய், கோமே சாப்பிடுகிறான் அல்லது சாப்பிடுகிறாள், கோமெமோஸ் சாப்பிடுகிறோம், கோமென் சாப்பிடுகிறார்கள். ஆள் விகுதியிலேயே இருக்கிறது. இங்கிலீஷ்காரர்கள் வாக்கியத்துக்கு வாக்கியம் 'யோ, யோ' என்று 'நான்' போட்டுப் பேசுவார்கள், கேட்பவருக்குத் தற்பெருமை மாதிரி இருக்கும். நாமும் இங்கிலீஷிலிருந்து மனசுக்குள் மொழிபெயர்த்தால் இதே பழக்கம் ஒட்டிக்கொள்ளும்.

யோ எப்போது வேண்டும்? 'அவன் வரட்டும், நான் வரமாட்டேன்' என்று எதிரெதிராக வைக்கும்போது. தமிழில் 'நான்' என்பதை அழுத்திச் சொல்லும் இடங்கள்தான் அவை.

வினைத் திரிபு அட்டவணையை மனப்பாடம் செய்தே ஆக வேண்டுமா?

ஆமாம். வாய்விட்டு. வேறு வழி சொல்பவரை நம்பாதீர்கள். ஆர், எர், இர் என்று முடியும் மூன்று வகை வினைகளுக்கு மூன்று மாதிரி: தோமார், கோமெர், எஸ்கிரிபிர். எர் வகையும் இர் வகையும் நிகழ்காலத்தில் 'நாம்', 'நீங்கள்' வடிவங்களில்தான் பிரியும், அதனால் உண்மையில் இரண்டரை அட்டவணைதான்.

விதிவிலக்கு என்று பயமுறுத்தும் பலவற்றிலும் ஒழுங்கு உண்டு. போதெர் (முடிவது) என்பது புவேதோ, புவேதெஸ், புவேதே என்று உடைந்து, 'நாம்' வரும்போது உடையாமல் போதேமோஸ் என்று நிற்கும். காரணம் அழுத்தம். இந்த மாதிரி வினைகளில் அடிச்சொல்லின் மேல் அழுத்தம் விழுந்தால் ஓ என்பது உவே ஆகும், எ என்பது இயெ ஆகும்; போதேமோஸில் அழுத்தம் விகுதிக்குப் போய்விட்டது, அடி தப்பித்துவிட்டது. பென்சார், பியென்சோ, பென்சாமோஸ் என்பதும் இதே. இன்னொரு கூட்டம் 'நான்' வடிவத்தில் மட்டும் கோ என்று முடியும்: தெங்கோ (என்னிடம் இருக்கிறது), பெங்கோ (வருகிறேன்), போங்கோ (வைக்கிறேன்), சால்கோ (வெளியே போகிறேன்), ஆகோ (செய்கிறேன்). இந்தக் கோ கூட்டத்தை நன்றாக மனசில் வையுங்கள், சப்ஜங்டிவில் மறுபடி வரும்.

து, உஸ்தெத், போஸ், போசோத்ரோஸ்... இதில் எதைப் படிப்பது?

து என்பது நீ, உஸ்தெத் என்பது மரியாதையான நீங்கள், உஸ்தேதெஸ் என்பது பலரைச் சேர்த்துச் சொல்லும் நீங்கள். இந்த மூன்றும் கட்டாயம். ஸ்பெயினில் நண்பர்கள் கூட்டத்தை போசோத்ரோஸ் என்பார்கள். லத்தீன் அமெரிக்காவில் அது பேச்சில் இல்லை, யாராக இருந்தாலும் உஸ்தேதெஸ். அர்ஜென்டினா, உருகுவே பக்கம் து வைத்தால் அந்நியமாகத் தெரியும், போஸ்தான். அதற்கு வினையும் மாறும்: து தியெனெஸ், ஆனால் போஸ் தெனேஸ். எந்த நாட்டுக்காரரோடு பேசப்போகிறீர்களோ அந்த வழக்கைப் பேசப் பழகுங்கள், மற்றது காதுக்குப் புரிந்தால் போதும்.

உஸ்தெத் வந்தால் வினை 'அவர்' வடிவத்தில் வருவது பலரைக் குழப்புகிறது. பழைய மனுக்களில் எதிரே இருப்பவரை 'தங்கள் சமூகம்' என்று படர்க்கைபோல் எழுதினார்களே, அந்த மாதிரி ஒரு மரியாதைத் தொடர் தேய்ந்து வந்த சொல் அது. இன்னொன்று: நமக்கு 'நீங்கள்' என்பது வயதோடும் உறவோடும் கட்டியது. ஸ்பெயினில் முன்பின் தெரியாத கடைக்காரரும் து போடுவார், அதில் அவமரியாதை இல்லை. கொலம்பியாவின் பகோட்டாவிலோ நெருங்கிய நண்பர்கள், குடும்பத்தார்கூட உஸ்தெத் சொல்லிக்கொள்வதைக் கேட்கலாம். சந்தேகமாக இருந்தால் உஸ்தெத்தில் தொடங்குங்கள், அவர்களே து போடச் சொல்வார்கள்.

நிரந்தரம் என்றால் செர், தற்காலிகம் என்றால் எஸ்தார் என்று படித்தேன். அப்புறம் செத்தவனுக்கு ஏன் எஸ்தார் வருகிறது? சாவைவிட நிரந்தரம் உண்டா?

எல்லாரும் இங்கேதான் வந்து நிற்கிறார்கள். அந்த 'நிரந்தரம், தற்காலிகம்' விதியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். 'எஸ்தா முவெர்த்தோ' (செத்துக் கிடக்கிறான்) என்பதில் எஸ்தார். இளமை தற்காலிகம்தான், ஆனால் 'எஸ் ஹோபென்' (இளைஞன்) என்று செர். மணி மூன்று என்பது ஒரு நிமிடம்தான் உண்மை, அதற்கும் செர்.

இப்படிப் பாருங்கள். ஒன்று என்ன, யார், எந்த வகை என்று சொன்னால் செர். அது எந்த நிலையில், எங்கே இருக்கிறது என்று சொன்னால் எஸ்தார். சாவு என்பது உயிரோடு இருந்த நிலை மாறி வந்த நிலை, அதனால் எஸ்தார். ஊரும் மலையும் நகராது, ஆனாலும் 'எங்கே' என்பது எஸ்தார்: லிமா எஸ்தா என் எல் பெரூ.

இரண்டும் வரக்கூடிய பெயரடைகளில் பொருளே மாறும். 'எஸ் அபுர்ரிதோ' என்றால் அறுவை ஆசாமி. 'எஸ்தா அபுர்ரிதோ' என்றால் பாவம், அவனுக்குப் போரடிக்கிறது. விருந்துக்குப் போய் சூப்பைக் குடித்துவிட்டு 'எஸ்தா ரிகா' என்றால் இந்தச் சூப் பிரமாதம் என்று சமைத்தவரைப் பாராட்டுகிறீர்கள். 'எஸ் ரிகா' என்றால் அந்த வகைச் சூப்பே ருசியானது என்ற பொதுச்செய்தி. சமைத்தவருக்கு அதில் பங்கில்லை.

ஒரு பொறி மட்டும் உண்டு. நிகழ்ச்சி எங்கே நடக்கிறது என்பதற்குச் செர்: 'லா ஃபியெஸ்தா எஸ் என் மி காசா' (விருந்து என் வீட்டில்). விருந்து ஒரு பொருள் இல்லை, அது எங்கேயும் 'இருக்காது', நடக்கும்.

'மே குஸ்தா' என்பதை 'நான் விரும்புகிறேன்' என்று எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம், 'எனக்குப் பிடிக்கும்' என்று எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷ் புத்தகங்கள் இதற்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கி, 'காப்பி எனக்கு இன்பம் தருகிறது' என்றெல்லாம் சுற்றிவளைக்கும். நமக்கு ஒரு வரி போதும்: மே குஸ்தா எல் காஃபே, எனக்குக் காப்பி பிடிக்கும். மே துவேலே லா காபேசா, எனக்குத் தலை வலிக்கிறது. மே பரேசே, எனக்குத் தோன்றுகிறது.

கவனிக்க வேண்டியது எண். பிடித்த பொருள் பலவானால் வினையும் பன்மை: மே குஸ்தான் லோஸ் லிப்ரோஸ். அப்புறம், இந்தக் குஷியில் எல்லாவற்றையும் 'எனக்கு' என்று தொடங்கிவிடாதீர்கள். 'எனக்குப் பசிக்கிறது' அங்கே 'தெங்கோ ஆம்ப்ரே', பசியை வைத்திருக்கிறேன் என்கிற மாதிரி. தாகம், தூக்கம், குளிர், வயது எல்லாம் இந்தத் தெங்கோ கணக்கில்தான்.

மனுஷங்களுக்கு முன்னால் மட்டும் ஒரு 'ஆ' வருகிறதே, அது எதற்கு?

நம்முடைய ஐ வேற்றுமையை நினைத்துக்கொள்ளுங்கள். 'புத்தகம் வாங்கினேன்' என்று ஐ இல்லாமல் சொல்லலாம், 'அம்மா பார்த்தேன்' என்று சொல்ல முடியாது, 'அம்மாவைப் பார்த்தேன்'தான். ஸ்பானிஷும் அப்படியே: வீட்டைப் பார்த்தால் 'பேயோ லா காசா', அம்மாவைப் பார்த்தால் 'பேயோ ஆ மி மாத்ரே'. வீட்டு நாய்க்கும் பாசத்தோடு ஆ போடுவார்கள்.

இன்னும் நுணுக்கமான ஒற்றுமை உண்டு. 'பெண் பார்க்கப் போனார்கள்' என்பதும் 'பெண்ணைப் பார்க்கப் போனார்கள்' என்பதும் ஒன்றா? முதலாவதில் ஆள் இன்னும் முடிவாகவில்லை. 'புஸ்கோ உன் மெதிகோ' என்றால் யாராவது ஒரு டாக்டர் வேண்டும். 'புஸ்கோ ஆ உன் மெதிகோ' என்றால் குறிப்பிட்ட ஒருவரைத் தேடுகிறேன். தெனெர் (தெங்கோவின் மூலவினை) வினையோடு மட்டும் பொதுவாக ஆ வராது: எனக்கு இரண்டு சகோதரர்கள் என்பது 'தெங்கோ தோஸ் எர்மானோஸ்'.

லோ, லா, லே மூன்றையும் எங்கே வைப்பது? திடீரென்று 'செ லோ' என்று ஏன் மாறுகிறது?

லோ, லா என்பவை 'அதை, அவனை, அவளை'. லே என்பது 'அவனுக்கு, அவளுக்கு'. ஐ, கு என்ற நம் இரண்டு வேற்றுமைகள். திரிந்த வினைக்கு முன்னால் நிற்கும்: லோ கோமோ, அதைச் சாப்பிடுகிறேன். 'கொடு' என்று ஏவும்போது வினைக்குப் பின்னால் ஒட்டும்: தாமெலோ, எனக்கு அதைக் கொடு. 'கு' முன்னால், 'ஐ' பின்னால். தமிழில் சொல்லும் அதே வரிசை.

லே, லோ இரண்டும் அடுத்தடுத்து வந்தால் லே என்பது செ ஆகிவிடும். 'லே லோ தோய்' கிடையாது, 'செ லோ தோய்' (அவனுக்கு அதைக் கொடுக்கிறேன்). ஏன் என்று ஆராயாமல் நாக்குக்குப் பழக்கிவிடுங்கள். ஸ்பெயினில் 'அவனைப் பார்த்தேன்' என்பதற்கும் லே போடுவதைக் கேட்பீர்கள். ஒரு ஆணைக் குறிக்கும்போது அகாடமி அதை ஏற்றுக்கொள்கிறது. நீங்கள் லோ போட்டாலும் எங்கேயும் தப்பாகாது.

எதிர்காலத்துக்கு என்ன செய்வது?

'போய் ஆ கோமெர்', சாப்பிடப் போகிறேன். போய் என்பது நம் 'போய்' மாதிரியே ஒலிப்பது தற்செயல், ஆனால் மறக்காது. இதை வைத்தே பல மாதம் ஓட்டலாம். கோமெரே என்ற தனி எதிர்கால வடிவத்துக்கு இன்னொரு வேலை உண்டு: 'தோந்தே எஸ்தாரா?' என்றால் 'எங்கே இருப்பான்?' என்று இப்போதைய ஊகம். 'இந்நேரம் வீட்டில் இருப்பான்' என்று நாமும் எதிர்கால வடிவத்தில்தானே ஊகிக்கிறோம்.

இறந்தகாலம் இரண்டு எதற்கு? ரொம்ப நேரம் நடந்தால் இம்பர்ஃபெக்ட், சட்டென்று முடிந்தால் பிரிடெரிட், சரியா?

சரியில்லை, நேரத்தின் நீளம் கணக்கே இல்லை. 'லிமாவில் பத்து வருடம் இருந்தேன்' என்பது 'பிபி தியெஸ் ஆன்யோஸ் என் லிமா'. பத்து வருடம் ஆனாலும் பிரிடெரிட்தான், ஏனென்றால் அதை முடிந்துபோன ஒரே துண்டாகப் பார்க்கிறீர்கள். உள்ளே நின்று, முடிவு தெரியாமல், அப்போது எப்படி இருந்தது என்று சொன்னால்தான் இம்பர்ஃபெக்ட்.

ஒரு கதையைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'மழை பெய்துகொண்டிருந்தது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. ஒரு கார் வந்து நின்றது. ஒருவன் இறங்கினான்.' முதல் இரண்டும் பின்னணி: யோபியா, இம்பர்ஃபெக்ட். அடுத்த இரண்டும் கதையை நகர்த்துகின்றன: பிரிடெரிட். 'அப்புறம் என்ன ஆச்சு?' என்ற கேள்விக்குப் பதிலாக வரக்கூடியது பிரிடெரிட். வழக்கமாக நடந்ததும் இம்பர்ஃபெக்ட்: 'அப்போதெல்லாம் தினமும் ஆற்றுக்குப் போவோம்' என்று நாம் போவோம் போடும் இடத்தில் அவர்கள் ஈபாமோஸ் போடுவார்கள். 'கொண்டிருந்தது' அல்லது பழைய கதையின் 'போவோம்' தமிழில் பொருந்தினால் இம்பர்ஃபெக்ட் என்று கண்ணை மூடிக்கொண்டு போடலாம். 'இருந்தது' என்ற சொல்தான் நம்மை ஏமாற்றும், அது இரண்டுக்கும் வரும்.

சில வினைகளில் காலம் மாறினால் பொருளே வேறு. சாபியா என்றால் எனக்குத் தெரிந்திருந்தது, சூபே என்றால் அப்போதுதான் தெரியவந்தது. நோ கெரியா என்றால் எனக்கு விருப்பமில்லை, நோ கீசே என்றால் முடியாது என்று மறுத்துவிட்டேன். வடிவங்களைப் பொறுத்தவரை இம்பர்ஃபெக்ட் சாது. ஒழுங்கு தவறும் வினைகள் செர், இர் (போவது), பெர் (பார்ப்பது) மூன்றே மூன்று. பிரிடெரிட்டில்தான் வதை. செர், இர் இரண்டுக்கும் அங்கே ஒரே வடிவம்: ஃபுவே என்பது 'ஆக இருந்தான்' என்றும் வரும், 'போனான்' என்றும் வரும்.

'இன்று காலை சாப்பிட்டேன்' என்பதற்கு ஸ்பெயின்காரர் ஒன்று சொல்கிறார், மெக்சிகோக்காரர் வேறு சொல்கிறார். எது சரி?

இரண்டும் சரி. ஸ்பெயினின் பெரும்பகுதியில் இன்று, இந்த வாரம் என்று இன்னும் முடியாத காலத்துக்குள் நடந்தால் 'ஏ கோமிதோ' என்று இரட்டை வினை. லத்தீன் அமெரிக்காவின் பெரும்பகுதியில் பிரிடெரிட் போதும். மேலே து, போஸ் பற்றிச் சொன்ன அறிவுரைதான் இதற்கும்.

போர், பாரா இரண்டுமே 'ஃபார்' தானே?

இங்கிலீஷ் சொல்லை விட்டுவிட்டு, பின்னால் இருப்பது போர், முன்னால் இருப்பது பாரா என்று வையுங்கள். காரணம் பின்னால் இருந்து தள்ளுகிறது: மழையால் வரவில்லை, போர். நோக்கம் முன்னால் நிற்கிறது: படிப்பதற்காக வந்தேன், பாரா. விலை கொடுத்து மாற்றிக்கொள்வது, ஒரு வழியாகப் போவது எல்லாம் போர்; கெடு தேதி, பெறுபவர், போய்ச்சேரும் இடம் எல்லாம் பாரா.

'ஆல்' என்றால் போர், 'ஆக' என்றால் பாரா என்ற தமிழ்க் குறுக்குவழி முக்கால்வாசி ஓடும். சறுக்கும் இடம் 'உனக்காகச் செய்தேன்'. உன்மேல் உள்ள அன்பினால் செய்ததென்றால் 'போர் தி', உன்னிடம் கொடுக்கச் செய்த பொருளென்றால் 'பாரா தி'.

சப்ஜங்டிவ் என்றாலே எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். எனக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியுமா?

வடிவம் முதலில், அது எளிது. நிகழ்கால 'நான்' வடிவத்தை எடுத்து, ஓவை நீக்கி, உயிரெழுத்தை எதிர்ப்பக்கம் மாற்றுங்கள். தோமோ, தோமே. கோமோ, கோமா. கோ கூட்டத்தைச் சொன்னேனே, அது அப்படியே வருகிறது: தெங்கோ, தெங்கா, சால்கோ, சால்கா. எதிர்மறைக் கட்டளைக்கும் இதுதான்: கோமே என்றால் சாப்பிடு, நோ கோமாஸ் என்றால் சாப்பிடாதே.

பயன்பாடு அடுத்து. ஒரு செய்தியை 'இது நடக்கிறது' என்று நீங்கள் அடித்துச் சொன்னால் சாதாரண வினை. அடித்துச் சொல்லாமல் ஆசைப்பட்டால், சந்தேகப்பட்டால், அதைப் பற்றி உணர்ச்சியை மட்டும் காட்டினால் சப்ஜங்டிவ். 'க்ரெயோ கே பியெனே' (வருகிறான் என்று நினைக்கிறேன்) என்பதில் நீங்கள் உறுதி சொல்கிறீர்கள். 'நோ க்ரெயோ கே பெங்கா' என்பதில் உறுதி இல்லை. ஆசை உங்களைப் பற்றியே என்றால் இந்தச் சிக்கலே வராது: 'கியெரோ கோமெர்', சாப்பிட விரும்புகிறேன். ஆள் மாறினால்தான் 'கியெரோ கே கோமாஸ்', நீ சாப்பிட வேண்டும் என்று விரும்புகிறேன். தமிழிலும் ஆள் மாறும்போதுதானே 'வேண்டும் என்று' நுழைகிறது. ஆரம்பத்தில் இந்த ஒரு வாக்கிய அமைப்பை மட்டும் ஆயிரம் தடவை சொல்லலாம், தப்பில்லை.

பிறகு குவாந்தோ, அதாவது '-போது' (வரும்போது, போகும்போது). வழக்கமாக நடப்பதற்குச் சாதாரண வினை, இனிமேல் நடக்கப்போவதற்குச் சப்ஜங்டிவ். 'நீ வரும்போது பேசலாம்' என்பது 'குவாந்தோ பெங்காஸ்', ஏனென்றால் நீ இன்னும் வரவில்லை. டாக்டர் தேடிய கதையும் இங்கே முடிகிறது: யாரென்றே முடிவாகாத, இங்கிலீஷ் பேசும் ஒரு டாக்டர் வேண்டுமென்றால், ஆ கிடையாது, 'பேசும்' என்பதும் சப்ஜங்டிவ். குறிப்பிட்ட டாக்டர் என்றால் ஆ வரும், சாதாரண வினை வரும். ஒரே சந்தேகம்தான் இரண்டு இடத்தில் வேலை செய்கிறது.

'சி' வந்தால் சப்ஜங்டிவ் போடு என்கிறார் ஒருவர், போடவே கூடாது என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது உண்மை?

இரண்டு பேரும் பாதி சொல்கிறார்கள். 'சி' என்றால் '-ஆல்' (வந்தால், இருந்தால்). நடக்கக்கூடியது என்றால் சாதாரண நிகழ்காலம்: 'சி தெங்கோ தியெம்போ, போய்' (நேரம் இருந்தால் போகிறேன்). இங்கே 'தெங்கா' என்று போட்டால் தப்பு. கற்பனை என்றால் இறந்தகாலச் சப்ஜங்டிவ்: 'சி துபியேரா தியெம்போ, இரியா', நேரம் மட்டும் இருந்தால் போவேன், ஆனால் இல்லை.

இங்கே தமிழ் காலை வாரும். 'நேரம் இருந்தால் வருவேன்' என்று இரண்டுக்கும் ஒன்றே சொல்லிவிட்டு, மீதியைக் குரலில் விட்டுவிடுவோம். இங்கிலீஷ்தான் இந்த இடத்தில் வழிகாட்டி. அங்கே 'ஹேவ்' வந்தால் தெங்கோ, 'ஹேட்' வந்தால் துபியேரா. வடிவத்துக்குப் பிரிடெரிட்டின் 'அவர்கள்' வடிவம் தெரிந்திருக்க வேண்டும்: துபியேரோன் என்பதில் ரோனை எடுத்து ரா. பிரிடெரிட் அட்டவணையை ஏமாற்றியவர்கள் இங்கேதான் திரும்பிப் போகிறார்கள்.

எங்கே பார்த்தாலும் 'செ' இருக்கிறது. 'செ லோ தோய்' புரிந்தது. கடைப் பலகையில் இருக்கும் செ, கீழே விழுந்தால் வரும் செ எல்லாம் ஒன்றா?

எழுத்து ஒன்று, வேலை வேறு. லேயின் மாற்றுருவாக வரும் செ மேலே பார்த்தது. தனக்குத் தானே செய்துகொள்வதற்கு வருவது இன்னொன்று: லாபா என்றால் கழுவுகிறான், செ லாபா என்றால் கழுவிக்கொள்கிறான். நம் 'கொள்' ஏறக்குறைய இந்த வேலையைத்தான் செய்கிறது. கடைப் பலகையில் 'செ பெந்தே' என்றால் 'விற்கப்படும்'. யார் விற்கிறார் என்பது முக்கியமில்லை. பலவற்றை விற்றால் 'செ பெந்தென்'.

கடைசி வகைதான் சுவை. டம்ளரைக் கைதவறிப் போட்டுவிட்டால் இங்கிலீஷ்காரர் 'நான் போட்டேன்' என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஸ்பானிஷ்காரர் 'செ மே காயோ எல் பாசோ' என்பார்: டம்ளர் விழுந்துவிட்டது, நான் பக்கத்தில் இருந்தேன் என்கிற தோரணை. 'செ மே ஓல்பிதோ', எனக்கு மறந்துபோச்சு. 'செ மே பெர்தியோ', தொலைந்துபோச்சு. செ, அடுத்து 'எனக்கு', அடுத்து வினை. வினை எப்போதும் விழுந்த பொருளுக்கு ஏற்ப மாறும். இரண்டு டம்ளர் விழுந்தால் 'செ மே காயேரோன்'. குஸ்தாரில் பார்த்த அதே எண் விதி.